மூன்றாவது மாடிக் கண்காணிப்புக் கருவி

லிண்டன் சதுக்கத்தில் ஒரே ஆண்டில் ஐந்து சைக்கிள்கள் காணாமல் போயின. இது பொதுப் பாதுகாப்புக்கு நேர்ந்த பங்கம் என்று கருதிய நகராட்சி, சதுக்கத்து விளக்குக் கம்பத்தில் கேமரா ஒன்றைப் பொருத்த உத்தேசித்திருப்பதாக அறிவிப்பு ஒட்டியது. சைக்கிள்கள் போனபோது முகத்தை மட்டும் சுளித்த ஊர், கேமரா வருகிறது என்றதும் கொதித்து எழுந்தது.

தேவாலயத்துக் கூடத்தில் கண்டனக் கூட்டம் நடந்தது. என்ன சம்பளம் வாங்குகிறோம் என்பதைக் கூடப்பிறந்த அண்ணனிடமும் சொல்லாத ஜனங்கள் அவர்கள். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒருவரும் பெயர் எழுதவில்லை. ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் எகோன் நோவாக் மட்டும் எழுந்து, பெயரைச் சொல்லியே பேசினார்.

"முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டினவன் நான். எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா, மறைக்க ஒண்ணும் இல்லேங்கறதை எவனும் எட்டிப் பாக்க வேண்டாம்!"

கூடம் கைதட்டியது. கைதட்டல் கேட்டால் மனிதன் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். எகோனுக்கு அது தெரியவில்லை.

"அப்புறம், கேமரா எதுக்குங்கறேன்? அதான் நான் இருக்கேனே! காலையில ஆறு மணிக்கு மூணாவது மாடி ஜன்னல் விளிம்புல திண்டைப் போட்டுக் கையை ஊணினா, ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எடுக்கறேன். என் கண்ணுல படாம ஒரு ஈ அந்தச் சதுக்கத்தைத் தாண்டுமா?"

அப்படியானால் சைக்கிள்களை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கேமராத் திட்டம் கைவிடப்பட்டது. எகோன் பேசியது வரிக்கு வரி நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. இருமினால்கூடக் குறிப்பெடுக்கிற ஊர் அது.

எகோன் ஜன்னலில் கிடந்தது வம்புக்காக அல்ல. அவர் மனைவி ஹெட்விக்குக்கு ஆறு வருஷமாகப் பார்வை மங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன. பகலெல்லாம் அவர் பார்ப்பார். ராத்திரி ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் மேஜைக்கு வந்ததும் அவளுக்குச் சொல்லுவார். "ரொட்டிக்கடை ரோஸ்விட்டா புதுக் கோட்டு போட்டிருந்தா. வாத்தியார் பெர்ன்டை அவர் நாய் இழுத்துகிட்டுப் போச்சு. நகராட்சி ஆளுங்க ஆரஞ்சுச் சட்டையில வந்து, கையில காகிதத்தை வெச்சுகிட்டு ஒழுங்கா வேலை பாத்தாங்க." அதைக் கேட்டால்தான் ஹெட்விக்குக்கு அன்றைய பொழுது முடியும். அவளுக்கு ஊர் என்று மிச்சமிருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

இரண்டு வாரம் கழித்து, தனிநபர் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து டாக்டர் எல்மான் என்ற அதிகாரி வந்தார். நல்ல பெண்மணி. வாசலிலேயே காலணியைத் துடைத்துக்கொண்டார்.

"நோவாக் சார், கேமரா செய்யற வேலையை நீங்களே செய்யறதா வாக்குமூலம் குடுத்திருக்கீங்க."

"வாக்குமூலமா? பெருமைக்குச் சொன்னேம்மா."

"பெருமைக்குன்னு குறிப்புல இல்லியே. உங்க பார்வைக் கோணம் எவ்வளவு?"

"கழுத்தைத் திருப்பினா டிராம் நிறுத்தம் வரைக்கும் தெரியும்."

"ஓ, திரும்பக்கூடிய வகை." எழுதிக்கொண்டார். "பாத்ததை எங்க சேமிச்சு வைக்கறீங்க?"

எகோன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"பூட்டு ஏதாவது இருக்கா?"

"ஏன் இல்லாம?" என்றாள் ஹெட்விக் அடுப்பங்கரையிலிருந்து. "எங்க கல்யாண நாளை நாப்பத்தோரு வருஷமா உள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்காரு. இதுவரைக்கும் வெளிய வரல."

டாக்டர் எல்மான் சிரிக்கவில்லை. "பூட்டு உண்டு" என்று எழுதினார். பிறகு நிபந்தனைகளைப் படித்தார். ஒன்று, ஜன்னலுக்குக் கீழே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். இரண்டு, பார்த்தவற்றை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மறந்துவிட்டு, மறந்ததற்கு வாராவாரம் கையெழுத்திட வேண்டும். மூன்று, மூன்றாம் நபர் எவருக்கும் தகவல் தரக் கூடாது.

"மூணாம் நபர்னா?"

"பாக்கறது நீங்க. பாக்கப்படறது சதுக்கத்துல போறவங்க. மத்த எல்லாரும்."

மூவரும் ஒரே நேரத்தில் ஹெட்விக்கை நினைத்தார்கள். எகோன் கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி ரொட்டி வந்தது, வெள்ளரி வந்தது, பேச்சு வரவில்லை.

"என்னய்யா, ஊர்ல எல்லாரும் செத்துட்டாங்களா?"

"சொல்லக் கூடாது ஹெட்டி."

"வீட்டுக்குள்ள பேசறதை எவன்யா வந்து கேக்கப் போறான்?"

"யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கையெழுத்துப் போட்டிருக்கேனே."

முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அரை நிமிஷம் முன்பின்னாக டிராமைக் கிளப்பாத மனிதர். மழையில் ஓடி வருகிறவர்களின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர். அவர்களும் தப்பு தங்கள்மேல்தான் என்று நனைந்தபடி நின்றிருக்கிறார்கள். அவரிடம் போய் ரகசியமாகச் சொல் என்றால் எப்படிச் சொல்லுவார்? ஹெட்விக் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எகோன் அந்த வருத்தத்தை எழுபத்தோரு மணி நேரம் சுமந்துவிட்டு, விதிப்படி மறந்தார்.

பலகை வந்தது. "இவ்விடம் திரு. எகோன் நோவாக்கின் கண்காணிப்பின் கீழ் உள்ளது" என்று நீலத்தில் வெள்ளை எழுத்து. ஆறு வருஷமாக அந்த ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துப் போன ஜனங்கள், பலகையைப் படித்த பிறகுதான் அவர் பார்க்கிறார் என்பதைக் கண்டுபிடித்தார்கள். முகத்தை மறைக்க, மழை இல்லாத நாளிலும் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். மறுபடியும் கண்டனக் கூட்டம் கூடியது.

"கேமராவா இருந்தாக்கூடப் பரவாயில்ல. அதுக்கு நம்ம பேர் தெரியாது. இவருக்கு என் நாயோட பேர்கூடத் தெரியும்!" என்றார் வாத்தியார் பெர்ன்ட்.

எகோன் எழுந்தார். கேமரா வந்துவிட்டால், அவர் இனிமேல் கருவி இல்லை. கருவி இல்லையென்றால் நிபந்தனையும் இல்லை. ஹெட்விக்கிடம் பழையபடி பேசலாம். "நானும் கேமராவை ஆதரிக்கிறேன்" என்றார். கூடம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது.

கேமரா வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. ஒரே இடத்தை இரண்டு கருவிகள் பார்ப்பது தேவைக்கு மிஞ்சிய கண்காணிப்பு ஆதலால், மேற்படி ஜன்னலின் கண்ணாடிக்கு உடனடியாகப் பார்வையை மறைக்கும் மங்கலான பனித்தாள் ஒட்ட வேண்டும், ஜன்னலைத் திறக்கலாகாது என்றது கடிதம். எகோன் அளவெடுத்து, ஒரு சுருக்கம் விழாமல் தன் கையாலேயே ஒட்டினார். இப்போது அவருக்கும் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன.

"நல்லா இருக்குய்யா உன் காரியம்" என்றாள் ஹெட்விக். "என் கோட்டை எடு. நான் கீழ போறேன்."

ஐம்பத்து நான்கு படிகள். கையைப் பிடித்து இறக்கி, கேமராக் கம்பத்தின் கீழே இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார். அரைமணி நேரத்தில் ரோஸ்விட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் தெரியாத அம்மாவிடம் தரவு எங்கே சேரப் போகிறது? ரோஸ்விட்டா தன் மாமியாரைப் பற்றி முழுதாக ஒரு மணி நேரம் பேசினாள். அவள் எழுந்த இடத்தில் வாத்தியார் உட்கார்ந்தார். மாதக்கணக்காக வாயைக் கட்டியிருந்த ஊர் வரிசையில் வந்து கொட்டியது. நாலாம் நாள், மத்தியான ரொட்டிப் பொட்டலத்தோடு டாக்டர் எல்மானும் வந்தார்.

அன்று ராத்திரி மேஜையில் பேசியது ஹெட்விக்.

"அந்த அஞ்சு சைக்கிளும் திருடு போகலியாம்யா. டிராம் நிறுத்தக் கம்பத்துல கட்டியிருந்ததுன்னு நகராட்சியே தூக்கிட்டுப் போயி நிலவறையில வெச்சிருக்கு."

"அப்ப சொந்தக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொந்தக்காரங்க யாருன்னு விசாரிச்சா அது அவங்க அந்தரங்கமாம். அதனால காத்துகிட்டிருக்காங்களாம்." ஹெட்விக் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏய்யா, ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுச் சட்டைன்னு அஞ்சு தடவை சொன்னியே. அவங்க தூக்கிட்டுப் போனது சைக்கிளையா?"

"ஆமா."

"கூட்டத்துல சொல்றதுக்கென்ன?"

"கூட்டத்துல பேசினது திருட்டைப் பத்தி. இது திருட்டு இல்லியே ஹெட்டி. அவங்க கையில காகிதம் இருந்துச்சு."

ஹெட்விக் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் பெஞ்சிலிருந்து செய்தி பரவி, சைக்கிள்காரர்கள் ஐந்து பேரும் நகராட்சிக்குப் படையெடுத்தார்கள். முன்னால் வாத்தியார் பெர்ன்ட். நிலவறைக் கதவு திறந்தது. ஐந்து சைக்கிள்களும் துடைத்து, காற்றடித்து, வரிசையாக நின்றன. குமாஸ்தா ஐந்து படிவங்களை நீட்டினார். "பேரு, விலாசம், பிறந்த தேதி எழுதிட்டு எடுத்துட்டுப் போகலாம்."

ஐந்து பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"சைக்கிள் உங்களுதுன்னு தெரியணுமே."

"அது என் சொந்த விஷயம்!"

ஐந்து பேரும் தலை நிமிர்ந்து, நடந்தே வீடு திரும்பினார்கள். அடுத்த வாரக் கூட்டத்தில், சைக்கிள்கள் இன்னும் மீளாத நிலையில் பொதுப் பாதுகாப்பை வலுப்படுத்த இரண்டாவது கேமரா தேவை என்று தீர்மானம் வந்தது. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். எகோனும் தூக்கினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெட்விக் அவர் காதருகே சாய்ந்தாள். "யார் யாருய்யா கையைத் தூக்கியிருக்காங்க?"

எகோன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ரோஸ்விட்டா, வாத்தியார், மற்ற நான்கு சைக்கிள்காரர்கள், டாக்டர் எல்மான், கடைசி வரிசையில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை.

"அது அவங்க அந்தரங்கம். சொல்லக் கூடாது ஹெட்டி" என்றார்.