காவிரிக்கு ஒரு ரிவர்ஸ் ஃபில்டர்

காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தைத் தாண்டிய பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவள் நான். (ஒருமுறை அல்ல.) மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்முன் பாட்டிலில் இருப்பதை மூன்று முறை படிப்பேன், கொடுத்தபின் நான்காவது முறை. இப்படி உலகத்தையே சந்தேகப்படுகிற நான் ஒரே ஒரு வார்த்தையைச் சந்தேகப்படாமல் விட்டேன். அது என்னை விடவில்லை.

என் நாத்தனார் உறையூரில் ஃபிளாட் வாங்கியிருந்தார். தை மாதம் கிரகப்பிரவேசம். ஹாலில் சோபாவுக்கு மேலே வெறுமையாக இருந்த சுவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இங்க காவிரியும் மலைக்கோட்டையும் சூரியன் உதிக்கிற மாதிரி பெருசா ஒரு படம் வேணும். கடைல வாங்கலாம்னு இருந்தேன். நீதான் கேமரா கேமரான்னு அலையறியே, எடுத்துக் குடு பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எனக்குள் இறங்கியது. சின்னக் குழந்தை வைத்திருப்பவளுக்குக் கேமரா எதற்கு என்று குடும்பத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர்தான் அத்தனை பேருக்கும் நான் சொல்லப்போகும் பதில்.

ஒரே ஒரு சிக்கல். நான் எடுத்த உதயப் படங்களில் காவிரி நன்றாக விழுந்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். வானம் விழுந்தால் காவிரி கறுத்துவிடும். இணையத்தில் தேடினேன். பாதி கறுப்பு, பாதி தெளிவாக ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறதாம். கறுப்புப் பாதி வானத்தை மறைக்கும்படி லென்ஸின் முன்னால் செருகினால் இரண்டும் ஒழுங்காகப் பதியுமாம். வீடியோவில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்: கறுப்பு மெதுவாகக் கரைந்தால் சாஃப்ட், சட்டென்று முடிந்தால் ஹார்ட், மூன்றாவது வகை... அந்த நேரம் பார்த்து என் மகள் மிது பாலைக் கொட்டினாள். துடைத்துவிட்டு வந்தபோது என் காதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். ரிவர்ஸ்.

ரிவர் என்றால் ஆறு. ஆறுகளுக்கென்றே ஒரு ஃபில்டர்! (எம்.எஸ்ஸி. படித்தவள். குறித்துக்கொள்ளவும்.)

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனேன்.

"சாஃப்டா, ஹார்டா, ரிவர்ஸா மேடம்?"

"ரிவர்ஸ்தாங்க. காவிரிய எடுக்கப் போறேன்."

"சன்ரைஸா?"

"ஆமாங்க."

"அப்ப ரிவர்ஸ்தான் கரெக்ட்." (பாருங்கள், அவரே சொல்லிவிட்டார்.) "எத்தனை ஸ்டாப் வேணும்?"

"பக்கந்தாங்க. வீட்லேர்ந்து மூணு ஸ்டாப் வரும்."

கடைக்காரர் ஒரு கணம் என்னையே பார்த்தார். வெளிச்சத்தைக் குறைக்கும் அளவுக்கு ஸ்டாப் என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. "மூணு போதும் மேடம்" என்று எடுத்து வைத்தார்.

பிறவிக் குணம் போகுமா? வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன். "ஏங்க, லேக்ஸுக்குத் தனியா வருதா?"

"என்னதுங்க?"

"ஏரிங்க. ஏரிக்கு."

"ஏரிக்கும் இதே போதும் மேடம்" என்றார், மிகவும் மென்மையாக.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். கறுப்பு நடுவில்தான் அடர்த்தியாக இருந்தது. ஓரம் போகப் போக வெளுத்தது. சாதாரண ஃபில்டரில் கறுப்பு வானத்துக்கு. இதுவோ ரிவர்ஸ் ஃபில்டர். அப்படியென்றால் கறுப்பு ஆற்றின் மேல்தானே வரவேண்டும்? கணவரிடம் கேட்டேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அங்கேயாவது நான் உஷாராகியிருக்கலாம்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் விடியலில், மேலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் நின்றேன். அக்கரையில் மலைக்கோட்டை, அதன் இடப்பக்கம் சூரியன். கறுப்பு கீழே வரும்படி ஃபில்டரைச் செருகினேன். அதற்கும் முந்தின நாள் மிது தன் செருப்பை இருநூறு படம் எடுத்ததில் பேட்டரி சாகக் கிடந்தது. அதனால் ஸ்கிரீனை அணைத்துவிட்டு, கேமராவின் சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தே எடுத்தேன். காவிரி கறுப்பாகத் தெரிந்தது. அடடா, வேலை செய்கிறதே என்று பூரித்துப்போனேன்.

மெமரி கார்டைக் கணவர் அப்படியே பிரிண்ட் கடையில் கொடுத்தார். மதியம் கடையிலிருந்து அழைத்தார்கள்.

"மேடம், இந்தப் படம்... இப்படித்தானா?"

"அது ரிவர்ஸ் ஃபில்டர் போட்டு எடுத்ததுங்க" என்றேன், கொஞ்சம் மிதப்பாக.

"ஓ! சரிங்க மேடம்." குரலில் மரியாதை கூடியிருந்தது.

மறுநாள் ஹோமப் புகை அடங்கியதும், சொந்தம் மொத்தமும் பார்த்திருக்க, நாத்தனார் படத்தைச் சுற்றியிருந்த தாளைக் கிழித்தார்.

கீழ்ப்பாதி கறுப்பு. மேல்பாதி வெள்ளை. அவ்வளவுதான் படம்.

"என்னம்மா இது, தார் ரோடா?" என்றார் மாமியார்.

"காவிரிங்க, அத்தை."

"மலைக்கோட்டை?"

வெளுப்புக்குள் அழிந்த பென்சில் கோடு போலிருந்ததை விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "இப்பத்தான் கணபதி ஹோமம் முடிஞ்சுது. அதுக்குள்ள உச்சிப் பிள்ளையாரையே காணோமே!"

ஃபில்டர் விவரத்தை நான் திக்கித் திக்கி விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் தன் ஃபோனில் எதையோ தேடிப் படித்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, அது ஆத்து ரிவர்ஸ் இல்ல. ரிவர்ஸ் கியர் ரிவர்ஸ்!"

சிரிப்பு கிளம்பியது. சாஸ்திரிகள் தோளில் போட்டிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சமையலறையில் போய், பொங்கி முடிந்த பால் பாத்திரத்தைக் காரணமில்லாமல் தேய்த்துக்கொண்டு நின்றேன். என் பதில் சொல்லும் சுவர் போச்சு. கேமராவை ஓஎல்எக்ஸ் மாதிரி எதிலாவது விற்றுவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன். பிறகு விற்பதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தது.

ஹாலில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாத்தனார் ஸ்டூலில் ஏறி நின்று படத்தை மாட்டிக்கொண்டிருந்தார், தலைகீழாக. கறுப்பு மேலே போனதும் அது மழைமேகமாகிவிட்டது. வெள்ளை கீழே வந்து தண்ணீராகிவிட்டது. மலைக்கோட்டை அதில் மங்கலான நிழலாகத் தொங்கியது. பார்க்க, சத்தியமாக, நன்றாக இருந்தது.

"கடைல வாங்குனா தெருவுல பத்து வீட்ல அதே படம் இருக்கும்" என்றார், இறங்காமலே. "இந்த மாதிரி எடுக்க வேற யாரால முடியும்? நீ போய் பந்தில சாம்பார் பத்துதான்னு பாரு, போ."

படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வருகிறவர்கள் கொடைக்கானலா, மூணாறா என்று கேட்பார்கள். "எந் தம்பி பொண்டாட்டி ரிவர்ஸ்ல எடுத்தது" என்று நாத்தனார் ஆரம்பிப்பார். நான் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன்.

போன மாதம் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் மிது வரைந்த படத்தை ஆசிரியை என் முன்னால் வைத்தார். மலைக்கோட்டை தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் இப்படின்னு கேட்டா, எங்க அத்தை வீட்ல பாத்தா இப்படித்தான் மிஸ் தெரியும்னு சொல்றா" என்றார் அவர் கவலையோடு. "அத்தை வீடு எங்கங்க இருக்கு?"

"உறையூருங்க."

"நானும் உறையூர்தாங்க" என்றார். "எங்களுக்கு நேராத்தானே தெரியுது?"