ஜூலை மாதத்துக் கம்பளிக் கோட்டு

ஓய்வு பெற்ற கையோடு பாலைவனத்துக்குக் குடிபோவது, வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கோல்ஃப் ஆடுவது என்று ஆரின் ட்வெய்ட் சபதம் செய்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. மின்னசோட்டாவின் வடகோடியில் ஒரு தானியக் கிடங்கில் உத்தியோகம். அந்த ஊரில் வருஷத்தில் ஆறு மாதம் பனி மூடித் தரை கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற ஆறு மாதமும் கிடங்கில் வேலை. ஆகையால் ஆரின் கோல்ஃப் ஆடியதெல்லாம் பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையில்தான்.

அறுபத்தாறாம் வயதில் சபதம் பலித்தது. அரிசோனாவில், மெஸா நகரத்தின் கிழக்கு ஓரத்தில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஒரு வீடு. மனைவி மார்லிஸ் பக்கத்துத் தெருவில் இருந்த தங்கை ஆர்டிஸை விட்டாள். இருபத்தெட்டு வருஷம் பாடிய தேவாலயப் பாடகர் குழுவை விட்டாள். கிளம்புமுன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தினமும் ஆடுவியா?"

"தினமும்."

"அப்ப சரி."

அக்டோபரில் வந்தார்கள். ஏப்ரல் வரை சொர்க்கம். மே மாதம் தெருவே காலியாக ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் புரூயிட்டும் குளிர்ச்சியான ஆரெகனுக்குக் கிளம்பக் காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ கெளம்பலையா, ஆரின்?"

"எதுக்கு?"

"வெயில் வரப்போவுதுப்பா."

"வெயில் என்ன பண்ணும்? நான் மைனஸ் நாப்பதையே பாத்தவன்."

"குளிருக்குச் சட்டைமேல சட்டை போட்டுக்கலாம். வெயிலுக்குத் தோலையா கழட்டுவே?"

"ஒருநாள் விடாம ஆடறேனா இல்லையான்னு திரும்பி வந்து கேட்டுக்க."

தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மார்லிஸ் இதைக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. மார்லிஸ் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சம்மதம் என்று நாற்பத்திரண்டு வருஷமாக ஆரின் நம்பி வந்தார். நாற்பத்திரண்டு வருஷமாகத் தப்பாக நம்பி வந்தார்.

ஜூன் முதல் வாரம் ஆர்டிஸ் தொலைபேசியில் அழைத்தாள். தன்னுடைய ஏரிக்கரை வீடு சும்மாதான் கிடக்கிறது, இரண்டு பேரும் கோடைக்கு வந்துவிடுங்கள் என்றாள். "ஆரினுக்குக் கோல்ஃப் இருக்கே, எப்படி வர்றது?" என்று மார்லிஸ் சொன்னது ஆரின் காதில் விழுந்தது. குரலில் குறை இல்லை, குத்தல் இல்லை. அதுதான் அவரைச் சுருக்கென்று தைத்தது.

ஜூன் பத்தொன்பதாம் தேதி. விடிகாலை ஐந்தரைக்கே ஆட்டத்தை ஆரம்பித்தும், ஏழாவது குழிக்கு வருவதற்குள் நூற்றியெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் ஆகிவிட்டது. வண்டியிலிருந்து மட்டையை எடுத்தால் அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி மாதிரி சுட்டது. அடித்த பந்து சரளைக் காட்டுக்குள் போயிற்று. தேடிப் போனவர் தலை சுற்றி, ஒரு நெடுங்கள்ளியின் நிழலில் ஒதுங்கினார். கள்ளியின் நிழல் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. அதிலும் ஏற்கெனவே ஒரு முயல் உட்கார்ந்திருந்தது.

முயல் ஓடவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

ஆரினை உடைத்தது வெயிலல்ல, அந்த மரியாதைதான்.

நேரே வீட்டுக்குப் போய், "என்னால முடியல, மார்லிஸ்" என்று சொல்லியிருக்கலாம். தோற்றேன் என்று ஒப்புக்கொள்வது அவருக்குப் பெரிய விஷயமில்லை. கோல்ஃப் ஆடுகிறவனுக்கு அது பழகிப்போன காரியம். ஆனால் இந்த ஆட்டத்துக்காகத்தான் அவள் தங்கையை விட்டாள், பாட்டை விட்டாள். ஆட்டமே இல்லை என்றால் அவள் விட்டதெல்லாம் எதற்காக? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசற்படி ஏற அவருக்குக் கால் வரவில்லை.

அதனால் மறுநாள் வழக்கம்போல மட்டைப் பையுடன் புறப்பட்டவர், மைதானத்துக்குப் போகவில்லை. ஒரு பெரிய கடையில் உறைந்த பட்டாணிப் பகுதிக்குப் பக்கத்தில் நின்றார். கடைப் பெண் மூன்று முறை வந்து, "என்ன வேணும் சார்?" என்றாள். மூன்று முறையும் அவர் பட்டாணி வாங்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த நாள்தான், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கம் அவர் கண்ணில் பட்டது.

உள்ளே நுழைந்தார். மூக்கு நுனி சில்லிட்டது. கண்ணில் நீர் வந்தது. முப்பத்தோரு வருஷமாக எதிலிருந்து தப்பிக்கத் துடித்தாரோ, அதன் முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் நினைப்பு வந்து மூக்கைச் சிந்தினார்.

பத்து நிமிஷத்தில் பல் அடித்துக்கொண்டது. மறுநாள் கார்க் கொட்டகையில், 'இனி எப்போதும் வேண்டாம்' என்று அவரே எழுதி ஒட்டியிருந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, பழைய கம்பளிக் கோட்டை எடுத்து டிக்கியில் பதுக்கினார். அதன் பிறகு தினமும் இதேதான். வெளியே நூற்றுப் பதினாறு டிகிரி. உள்ளே கோட்டு, காப்பி, சறுக்கி விழும் குழந்தைகள். பத்து மணிக்குக் கிளம்பி, வண்டி நிறுத்துமிடத்துக் குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டு, காலணியில் இரண்டு கை மண்ணைப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்.

"இன்னிக்கு எத்தனை அடி?" என்பாள் மார்லிஸ்.

கோல்ஃபில் அடி குறையக் குறையப் பெருமை. முதல் வாரம் தொண்ணூற்றாறு என்றார். நாவுக்குக் கள்ளியா தடுக்கிறது, மணலா தடுக்கிறது? இரண்டாம் வாரம் எண்பத்தொன்பது.

"எண்பத்தி மூணு" என்றார் மூன்றாம் வாரம்.

"வெயில் அடிச்சதையும் சேத்தா?"

"அதைச் சேக்க மாட்டாங்க."

"நல்ல ஆட்டம். இப்படியே போனா நீ மட்டையே தொட வேண்டியிருக்காது போல."

ஆரினுக்கு விக்கல் எடுத்தது. மார்லிஸ் தண்ணீர் கொடுத்தாள்.

அன்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தான் கேட்டால்தானே தோல்வி? அவளாகவே, "தாங்க முடியல, ஆர்டிஸ் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டால்? மனைவிக்காகக் கோல்ஃபைத் துறந்த உத்தமர் என்று பெயரும் கிடைக்கும், ஏரியும் கிடைக்கும். மறுநாளிலிருந்து வீட்டு ஏசியை நாளுக்கு ஒரு டிகிரி ஏற்றி வைத்தார். எழுபத்தாறு எண்பதாயிற்று. எண்பது எண்பத்து நாலாயிற்று. சாப்பாட்டு மேஜையில் வெண்ணெய் தானாகவே ரொட்டியைத் தேடி ஓடியது.

மார்லிஸோ நிம்மதியாக இருந்தாள். தேவாலயத்தில் பின்னல் வகுப்பு என்று சாயங்காலம் நாலு மணிக்குப் போவாள். ஆறு மணிக்குக் கன்னமெல்லாம் சிவந்து, உற்சாகமாகத் திரும்புவாள்.

"புழுக்கமா இல்ல, மார்லிஸ்?"

"இல்லையே. வீடு இதமா இருக்கு. கொதிக்கிற மைதானத்துல பதினெட்டுக் குழி ஆடிட்டு வர்ற உனக்கே புழுங்குதா?"

"எனக்கா? சேச்சே."

நெற்றி வியர்வை சூப்பில் சொட்டியது. உப்பு போட மறந்திருந்தாள், சரியாகிவிட்டது.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆரின் தன் வழக்கமான பெஞ்சில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் வெளியேறினார்கள். பெண்கள் ஒரு ஏழெட்டுப் பேர், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள், பனித்தரையில் இறங்கினார்கள். அதில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வட்டம் அழகாகச் சுற்றி வந்தாள். ஆரின் ரசித்தார். இரண்டாவது வட்டத்தில் அந்த மூக்கை எங்கேயோ பார்த்தது போல் இருந்தது. மூன்றாவது வட்டத்தில் அவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார்.

தடுப்புக்கு அருகில் வந்து சறுக்கல் நின்றது.

"பந்து அங்கயா விழுந்துச்சு?" என்றாள் மார்லிஸ்.

ஆரின் நிமிர்ந்தார். சொல்வதற்குப் பொய் ஒன்றும் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் அடிக் கணக்கிலேயே செலவழித்துவிட்டிருந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன் கடைசியில மைதானத்து ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. ஒரு வாரமா ஆளைக் காணோம், செத்துட்டாரான்னு கேட்டாங்க. இன்னும் இல்லன்னேன். மறுநாள் உன் பின்னாடியே வந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் வந்தேன். காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகணும்னுதான் வந்தேன்." மார்லிஸ் கையுறையைக் கழற்றினாள். "கண்ணாடி வழியாப் பாத்தா, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, ஒரு பிள்ளை விழுந்து எழுந்திரிக்கறதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தே. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. சரி, இருக்கட்டும்னு அந்தப் பக்கம் போய் நானும் உக்காந்தேன். அங்க இருந்த பொண்ணு என் கால் அளவு என்னன்னு கேட்டா."

"பின்னல் வகுப்புன்னு சொன்னியே."

"முதல் வாரம் காலு ரெண்டும் பின்னத்தான் பின்னிச்சு. பதினேழு வயசுல விட்டது. பழகினதும் காலை வகுப்புக்கு மாத்திட்டாங்க."

ஆரின் எழுந்து தடுப்பருகில் வந்தார். பிறகு மனசில் இருந்ததைச் சொன்னார். வெயிலைச் சொன்னார், முயலைச் சொன்னார், அவள் விட்டுவந்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயந்ததைச் சொன்னார். கடைசியில் மார்லிஸ் தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"நீ சொல்லுவேன்னு வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து காத்துக்கிட்டு இருந்தேன்."

"சொல்லிட்டேன்ல? நானே கேக்கறேன். ஆர்டிஸ் வீட்டுக்கு நாளைக்கே கெளம்பிடலாம்."

"மே மாசம் கேட்டிருந்தா அன்னிக்கே கெளம்பியிருப்பேன். இப்ப எப்படி? ஆகஸ்ட் இருபதாந்தேதி எங்க குழுவோட நிகழ்ச்சி இருக்கு. ஆர்டிஸ்தான் அதைப் பாக்க இங்க வர்றா."

"இந்த வெயில்லயா?"

"அவளுக்கு உன் அறையைத்தான் ஒழிச்சுக் குடுக்கணும். ஏசியைப் பழையபடி எழுபத்தாறுல வை."

ஆரின் தலையாட்டினார். மார்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டாள். இரண்டு அடி சறுக்கிப் போனவள், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கடைசி நடனத்துல மேல இருந்து காகிதப் பனி கொட்டும். முடிஞ்சதும் மண்வெட்டி வச்சுத் தள்ளி வார ஒரு ஆளு வேணுமாம். உன் பேரைக் குடுத்திருக்கேன். அனுபவம் உண்டான்னு கேட்டாங்க. மின்னசோட்டான்னு சொன்னேன், அதுக்குமேல ஒண்ணும் கேக்கல."