ஜீப் சத்தமும் என் கையும்

பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். நான் களை பறிப்பேன். இதனால் என் ஆராய்ச்சிப் படிப்பே போகப் பார்த்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் கூலிப் போராட்டம் ஓயாத வருடங்கள் அவை. எங்கள் சேரியில் நடவு நட்டுக்கொண்டே எம்.எஸ்சி. முடித்தவள் நான் ஒருத்திதான். (அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு. கொஞ்சமா?) எங்கள் பிள்ளைகளும் ஆராய்ச்சிக்கு வரவேண்டும் என்று சண்டை போட்டு எனக்கு உதவித்தொகை வாங்கித் தந்தவர் பேராசிரியர் எஸ்தர் மேடம்.

களை எடுக்காமல் விட்டால் நெல் எவ்வளவு குறையும் என்பது என் ஆராய்ச்சி. அதற்காக ஒரு பாத்தியில் மட்டும் கோரைக் களையைத் தொடாமல் வளர்த்தோம். அதைப் பார்க்கக் கமிட்டி வருவதாக இருந்தது. அவர்கள் திருப்தியானால்தான் உதவித்தொகை தொடரும்.

"நீ தேறினாத்தான் உங்க தெருப் பிள்ளைங்களுக்கு நான் அடுத்து வாயத் திறந்து கேக்க முடியும்" என்றார் மேடம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கமிட்டி வரும் நாளன்று அந்தப் பாத்தி வரப்பில் நின்று, சொல்லவேண்டிய இங்கிலீஷை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஜீப் சத்தம். எங்கள் ஊர் வயலில் வண்டிச் சத்தம் கேட்டால் மிராசுதார் வருகிறார் என்று அர்த்தம். நிமிர்ந்து நிற்பவளுக்கு அரைக் கூலிதான். குனிந்துவிட்டேன். கை தானாகக் கோரையைப் பிடுங்கியது. ஜீப்போ வாய்க்கால் கரைச் சேற்றில் சிக்கி உறுமிக்கொண்டே இருந்தது. அது உறுமிய வரைக்கும் நானும் நிறுத்தவில்லை.

கமிட்டி வந்து நின்றபோது பாத்தி பளிச்சென்று இருந்தது.

"களை எங்கம்மா?" என்றார் கமிட்டித் தலைவர்.

"பறிச்சிட்டேங்கய்யா."

"ஏன்?"

"ஜீப் வந்துச்சுங்க."

படித்த இங்கிலீஷ் ஒரு சொல்கூட வரவில்லை. எனக்குப் பின்னால் வரவேண்டிய பிள்ளைகளையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

தலைவர் மேடத்திடம் திரும்பினார். "இவங்களுக்கெல்லாம் இது சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

மேடம் குரலை உயர்த்தவில்லை. "பாத்தி போனா அடுத்த குறுவையில போட்டுக்கலாம் சார். இந்தப் பொண்ணு போனா நான் யாரைக் கூட்டிட்டு வர்றது?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்குப் படிப்பு ஒரு வருடம் நீண்டது, அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் ஆராய்ச்சி செய்பவர்களில் எங்கள் தெருப் பெண்களும் இருக்கிறார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் என் மகன், "அம்மா, குனியாத!" என்று கத்துவான். எல்லோரும் சிரிப்போம். என் அம்மா மட்டும் சிரிக்காமல் இன்றைக்கும் கேட்பாள்:

"அது கெடக்கட்டும். வேரோடதானே பறிச்ச?"