நான்கு தட்டு சீஸ்

உணவகத்து மேசையில் போய் உட்கார இன்னும் சரியாக மூன்று மணி நேரம் இருந்தது. அங்கே சமைக்கும் தாடிக்காரர் ஃபோனை எடுக்கவில்லை.

மெக்கானிக் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தியிருந்தார். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அவர் காலுக்குக் கீழே, கூண்டுக்குள், காய்கறிப் பையோடு ஓர் அம்மா மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, ஆச்சா?"

"ஒரு நிமிஷம்மா. முக்கியமான ஃபோன்."

"என்னைவிட முக்கியமா?"

உண்மையைச் சொன்னால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுபடி அழைத்தார். இந்த முறை ஒரு பெண்குரல் எடுத்தது.

"சமையலறை."

"தாடிக்காரர் இல்லீங்களா?"

"பல்லு புடுங்கப் போயிருக்கார். இன்னிக்கு அவருக்குப் பதில் நான்தான். என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க. இன்னிக்கு ராத்திரி நாங்க நாலு பேர் வர்றோம். அதுல என் தட்டுல மட்டும்..."

சிக்னல் போய்விட்டது. லிஃப்ட் குழிக்குள் எப்போதும் அப்படித்தான்.

"யாருக்கோ தட்டு வெக்கறதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கியே," என்றார் கீழிருந்த அம்மா. "முதல்ல என்னை வெளியில எடுப்பா."

விஷயம் இதுதான். மெக்கானிக்குக்குச் சீஸ் பிடிக்காது. பிடிக்காது என்பது மென்மையான சொல். பட்டறை அலமாரியில் மறந்துபோன காலுறையின் வாசனை அதில் வரும் என்பது அவர் கருத்து. ஆனால் கல்யாணத்துக்கு முன், அவரும் மனைவியும் முதன்முதலாகத் தனியாகப் பேசியது அந்த இத்தாலிய உணவகத்தில். என்ன பேசுவது என்று தெரியாமல் மெனு அட்டையைப் பார்த்து, "சீஸ்னா எனக்கு உயிர்," என்று சொல்லிவைத்தார். மனைவி கண்களை அகல விரித்து, "அப்படியா? எனக்கும்தான்," என்றார். கல்யாணம் அங்கேயே முடிவானது போலத்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அதே உணவகம், அதே மேசை. பன்னிரண்டு ஆண்டுகள்.

முதல் ஆண்டே அவர் சமையலறைக்குள் நழுவி, தாடிக்காரரிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அவர் தட்டில் மட்டும் சீஸுக்குப் பதில் உருளைக்கிழங்கை அவித்து, வெண்ணெய் போட்டு, நைசாக மசித்து, மேலே லேசாகச் சிவக்க வைத்துவிட வேண்டும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. தாடிக்காரர் ஒரு டாக்டரைப் போலத் தலையாட்டினார். "வெளிய போகாது சார்," என்றார். போகவும் இல்லை.

மனைவியிடம் சொல்லிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஃபிரேம் போட்டுப் பார்க்க வருகிறவர்களிடம், காது அளவு சரிபார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை," என்று சொல்வது அவர் பழக்கம். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். உண்மையில் மெக்கானிக் வேறு பொய் சொன்னதும் இல்லை. இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

அம்மாவையும் காய்கறியையும் ஐந்தாம் மாடியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"ஒரு யோசனை," என்றார் மெக்கானிக். "இன்னிக்கு வேற எங்கயாவது போனா என்ன?"

சீப்பு நின்றது. மனைவியின் முகம் ஒரு கணம் பளிச்சென்று ஆனது. பிறகு சந்தேகம் வந்தது.

"ஏங்க, உங்களுக்கு அந்த எடம் அலுத்துப்போச்சா?"

"சேச்சே! யார் சொன்னா? நீ சந்தோஷமா இருந்தாப் போதும்."

"எனக்கென்ன? உங்களுக்குப் பிடிச்ச எடமாச்சே. அங்கயே போலாம்."

"அங்கயே போலாம்," என்றார் அவர்.

பதினோரு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் குருவி, கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போகத்தான் போறமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.

வழியில் மெக்கானிக்குக்கு ஒரு வழி தோன்றியது. தாடிக்காரர்தான் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாச்சு?"

"பல்லு. கடவாப் பல்லு. திடீர்னு. நான் சும்மா கொஞ்சம் ரொட்டியும் தண்ணியும் எடுத்துக்கறேன்."

"ரொட்டியா? அது கட்டை மாதிரி இருக்கும். பல்லுக்கு எது நல்லதுன்னு நான் பாத்துக்கறேன்."

அந்தக் கரிசனத்தைக் கேட்டு அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அதற்குள் உணவகம் வந்துவிட்டது.

மச்சான் வாசலிலேயே காத்திருந்தார். மனைவியின் அண்ணன். கையில் ஒரு பெரிய வட்டமான பெட்டி, பளபளப்புத் தாள் சுற்றியது.

"என்ன மாப்பிள்ளை, கன்னத்துல கை? இன்னும் பில்லே வரலையே!"

"பல்லுவலி மச்சான்."

"சாப்பிட்டாச் சரியாயிடும். உள்ள வாங்க."

கட்டம் போட்ட மேசைவிரிப்பு. கண்ணாடிக் குப்பியில் சொருகிய மெழுகுவர்த்தி. சுவரில் ஒரு படகு ஓவியம். அது எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். மெக்கானிக் ஒவ்வொரு ஆண்டும் அதை நிமிர்த்திவிட்டு உட்காருவார். இந்த ஆண்டு மறந்துவிட்டார்.

நெட்டை வெயிட்டர் வந்தார். அவரும் பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர். மெனு அட்டை கொடுக்கவே இல்லை. "வழக்கம்போலத்தானே? சாருக்குச் சீஸ் பாஸ்தா, மேடத்துக்கு லசான்யா, பாப்பாவுக்குப் பீட்சா, அண்ணனுக்கு ரவியோலி. நாலுலயும் சீஸ் தூக்கலா."

"ஒரு சின்ன மாற்றம்," என்றார் மனைவி. "இவருக்குப் பல்லுவலி. மெல்லாமலே முழுங்கற மாதிரி இருக்கணும். சீஸ் ரெண்டு மடங்கு போட்டுடுங்க."

வெயிட்டர் எழுதுவதை நிறுத்தினார். "ரெண்டு மடங்கு... சீஸா மேடம்?"

"ஆமா. அவருக்கு அதுன்னா உயிர்."

வெயிட்டர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் படகைப் பார்த்தார்.

"கை கழுவிட்டு வந்துடறேன்," என்று எழுந்தார்.

சமையலறைக் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. உள்ளே புதுச் சமையல்கார அம்மா இரண்டு வாணலிகளோடு ஒரே நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு உதவி. என் பாஸ்தால சீஸுக்குப் பதில் மசிச்ச உருளைக்கிழங்கு..."

"சீஸ் பாஸ்தால சீஸ் வேண்டாமா?" அவர் கரண்டியை ஓங்கினார். அடிக்க அல்ல, வாசல் பக்கம் காட்டத்தான். "வெளியில போர்டு பாத்தீங்களா சார்? இது என்ன கடைன்னு எழுதியிருக்கு?"

"தாடிக்காரர் பண்ணிக் குடுப்பார்."

"அவர் பல்லே போயிடுச்சு. நான் பண்ண மாட்டேன். பேர் கெட்டுப்போயிடும்."

கதவு சாத்தப்பட்டது. திரும்பினால், குறுகலான நடையில் குருவி நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எங்க வந்தே?"

"கை கழுவ."

"வாஷ்பேசின் அந்தப் பக்கம்."

"நீங்க?"

"நானும் அதுக்குத்தான்."

இருவரும் போய், ஒருவரை ஒருவர் கண்காணித்தபடி, மிக நிதானமாகக் கை கழுவினார்கள். மேசைக்குத் திரும்பினால் மனைவி இல்லை.

"கை கழுவப் போயிருக்கா," என்றார் மச்சான். மனைவி வந்து உட்கார்ந்ததும் மச்சான் எழுந்தார். "நானும் கழுவிட்டு வந்துடறேன்." போனவர், முகம் கொஞ்சம் சுருங்கித் திரும்பி வந்தார்.

தட்டுகள் வந்தன.

மெக்கானிக்கின் தட்டில் பாஸ்தா எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. மேலே மஞ்சளாக, தடிப்பாக, குமிழிவிட்டுக்கொண்டு ஒரு படலம். லிஃப்ட் கம்பிக்கு அவர் பூசும் கிரீஸ் இதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும். முள்கரண்டியால் தொட்டார். நூல் எழுந்தது. கையை உயர்த்தினார். நூலும் உயர்ந்தது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும் அது அறுவதாக இல்லை.

"அடேயப்பா!" என்றார் மச்சான், தன் தட்டைத் தொடாமல். "சாப்பிடுங்க மாப்பிள்ளை."

"நீங்க ஆரம்பிங்க."

"சூடு ஆறட்டும்."

மனைவி லசான்யாவைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டினார், வெட்டினார், வாய்க்கு எதுவும் போகவில்லை. குருவி பீட்சாவின் ஓரத்தை மட்டும் எலி மாதிரி சுற்றிச் சுற்றிக் கடித்தாள்.

வேறு குடும்பமாக இருந்தால் மெக்கானிக் தன் பாஸ்தாவை யார் தட்டிலாவது தள்ளியிருப்பார். ஆனால் இந்த மேசையில் ஒருவர் தட்டை இன்னொருவர் தொடுவதில்லை. அந்தச் சட்டத்தை முதல் ஆண்டு அவர்தான் கொண்டுவந்தார். ஏன் என்று யாரும் கேட்காமல் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டது அவருக்கு அன்றே பெருமையாக இருந்தது.

"என்னங்க, ஒரு வாயாவது வைங்க," என்றார் மனைவி. "உங்களுக்காகச் சொல்லிப் போட்டது."

வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது.

"பாத்தியா அண்ணா?" என்றார் மனைவி. "சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு. இவருக்கு நடிக்கவே தெரியாது. மனசுல என்னவோ அதுதான் முகத்துல."

"அதனாலதான் இதைக் கொண்டுவந்தேன்!" மச்சான் பெட்டியை மேசைமேல் ஏற்றினார். தாளைக் கிழித்தார். உள்ளே ஒரு முழுச் சக்கரம் சீஸ். ஒரு ஸ்கூட்டருக்கு மாட்டலாம். "வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிட்டா ஆசை அடங்குமா? வீட்டுல வெச்சுக்குங்க. தினமும் காலைல ஒரு துண்டு, ராத்திரி ஒரு துண்டு. தீர்ந்தாச் சொல்லுங்க, தெரிஞ்ச கடைதான்."

மனைவி சக்கரத்தையே பார்த்தார். உதடு லேசாக நடுங்கியது. ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார் மெக்கானிக்.

தினமும். காலையும் ராத்திரியும். அவர் மனதுக்குள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். மூடினார். ஆண்டுக்கு ஒரு பொய் என்றால் தாங்கலாம். தினம் இரண்டு வேளைப் பொய்க்கு அவரிடம் உடம்பு இல்லை.

அப்போது நெட்டை வெயிட்டர் வந்து, நான்கு நிறைந்த தட்டுகளையும் கவலையோடு பார்த்தார். "ஏதாவது குறையா சார்?"

"ஆமா," என்றார் மெக்கானிக். குரல் அவருடையது மாதிரியே இல்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தார். மனைவி பக்கம் திரும்பினார். "குறை என்கிட்டதான். எனக்குச் சீஸ் பிடிக்காது."

"பல்லுவலியா இருக்கறதால..."

"பல்லும் வலிக்கலை. சீஸும் பிடிக்காது. என்னிக்குமே பிடிச்சதில்லை. அன்னிக்கு உன்கிட்ட முதல் முதல்ல சொன்னதே பொய். வேற என்ன பேசறதுன்னு தெரியலை. நீ எனக்கும்தான்னு சொன்னப்ப, உன் முகத்தைப் பாத்து, இனிமே மாத்திச் சொல்ல மனசு வரலை. வருஷா வருஷம் இங்க உள்ள போய், என் தட்டுல உருளைக்கிழங்கை மசிச்சு வெக்கச் சொல்லிடுவேன். உனக்கு உயிரான ஒண்ணை நான் கெடுக்கக் கூடாதுன்னுதான். நீ கடைல என்னைப் பத்திச் சொல்ற மாதிரி ஆள் நான் இல்லை."

பக்கத்து மேசையில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது. காது வரை சிவந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்து, அண்ணனைப் பார்த்து, மூடிக்கொண்டார். அண்ணன் மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார். குருவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோவமா?" என்றார் மெக்கானிக் மெதுவாக.

"அதில்லைங்க..." என்றார் மனைவி. "அது வந்து..."

நெட்டை வெயிட்டர் தொண்டையைச் செருமினார். கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாள்தான் சார் நாங்களும் மறைக்கிறது? பன்னெண்டு வருஷத்துல இந்த மேசைக்குச் சீஸ் வந்ததே இன்னிக்குத்தான். நாலு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் உள்ள வந்து உருளைக்கிழங்குதானே கேப்பீங்க!"