குப்பி எடுத்தவன் எழுதிய விடை

நான் நல்லவன் என்று என்னைப்பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அது இரண்டாம் வருடப் பரீட்சையன்று காலை எட்டே முக்காலுக்கு முடிந்துபோனது.

பரீட்சை நெருங்கும்போது தெரிந்தவன் தெரியாதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பதை எங்கள் கம்பஸ்களில் குப்பி என்பார்கள். காபன் சேர்வைகளைப் பற்றிய சேதன இரசாயனத்துக்குக் குப்பி எடுத்தது அடியேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.) வெள்ளவத்தையில் எங்கள் வகுப்புக் கவிதாவின் வீட்டு ஹோலில் அவளோடு ஏழு பேர், ஒரு வெள்ளைப் பலகை, அவளுடைய அம்மா சுடச்சுடப் பொரித்துத் தந்த பற்றிஸ்.

பாடம், வளையக் கூட்டல். நான்கு காபன் உள்ள ஒரு துண்டும் இரண்டு காபன் உள்ள இன்னொன்றும் சேர்ந்து ஆறு காபன் வளையமாகும். புதிய பிணைப்புகள் இரண்டும் ஒரே சமயத்தில் உண்டாகும். நடுவில் தங்குமிடம் கிடையாது. நானோ முதலில் ஒரு பிணைப்பு, நடுவில் பிளஸ் குறி போட்டு ஒரு நேரேற்றம், பிறகு மற்றப் பிணைப்பு என்று மூன்று நிறப் பேனைகளால் வரைந்து தள்ளினேன். புத்தகத்தைப் பார்ப்பது என் மரியாதைக்குக் குறைவாகப் பட்டது.

"புத்தகத்தில வேற மாதிரிக் கிடந்த ஞாபகம்," என்றாள் கவிதா.

"அது சுருக்கிப் போட்டிருப்பாங்கள். நீர் இதை எழுதும்."

அவள் எழுதிக்கொண்டாள். இரசாயனத்தைச் சிறப்புப் பட்டமாகப் படிக்க இந்தத் தாளை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். அவளுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

பரீட்சைக்குப் போகும் பஸ்ஸில் சும்மா புத்தகத்தைத் திறந்தேன். 'இடைநிலை எதுவும் தோன்றுவதில்லை' என்று ஒரு வரி. மண்டப வாசலில் ஏழு பேரும் என் படத்தைப் பாடமாக்கிக்கொண்டு நின்றார்கள். கால்மணி நேரம் இருந்தது. திருத்த ஒரு நிமிடம் போதும்.

"நடுவில வாற நேரேற்றம் இந்தப் பக்கம்தானே?" கவிதா கொப்பியை நீட்டினாள்.

"ஓம், சரி," என்றேன். ஏழு பேருக்கு முன்னால் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய், இலத்திரன்கள் நகர்வதைக் காட்டும் மூன்று அம்புகளையும் ஒரே படத்தில் ஒன்றாகப் போட்டுச் சரியாக எழுதினேன்.

விடைத்தாள் திருத்திய விரிவுரையாளர் பிறகு வகுப்பில் கேட்டார்: "இயற்கையில இல்லாத ஒண்டைச் சில பேர் கண்டுபிடிச்சிருக்கினம். ஆர் உங்கட குரு?" ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அப்படியே எழுதியிருப்பேன் என்று பாவம் பார்த்தார்கள்.

சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியலில் எங்கள் எட்டுப் பேரில் என் பெயர் மட்டும் இருந்தது. கவிதா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"வாசல்ல நிக்கேக்கயே உமக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

அவளுக்கு நான் சொன்ன முதல் சரியான விடை அதுதான்.

மூன்று வருடம் கதைக்காமல் இருந்தவள் பிறகு ஏன் என்னைக் கட்டினாள் என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. (தண்டனையாக இருக்கலாம்.) அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். நான் அந்தச் சிறப்புப் பட்டத்தை வைத்துக்கொண்டு பெயின்ற் விற்கிறேன்.

கதை மகளுக்கும் தெரியும். விருந்தினர் வந்திருக்கும்போது நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், வீட்டுப்பாடம் எழுதும் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்:

"அப்பா, இது எங்களுக்குச் சொல்லுறதோ, நீங்க எழுதுறதோ?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கவிதா சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை.