மீன்கள் மூச்சுவிட்ட பதினோரு கோடைகள்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்களை உலகம் மறந்தாலும் மறக்கலாம். மின்சாரமே இல்லாமல் மீனுக்கு மூச்சுக் கொடுத்த ஸ்ரீராம்பூர் நிருபம் பாக்சியை மறந்தால் அது நன்றிகெட்ட உலகம்.

பாக்சிபாபு வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அதில் இருபத்திரண்டு மீன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சமையலறையில் இலிஷ் மீன் பொரியும்போது தொட்டிக்கு முன்னால் திரை இழுத்துவிடப்படும். சொந்தக்காரர்களின் முடிவைப் பார்த்து அவை மனம் வாடக் கூடாது அல்லவா? அவ்வளவு கருணை.

கோடை வந்தால் லோட்ஷெடிங். கரண்ட் போனால் தொட்டியில் காற்றுக் குமிழி நிற்கும். சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இதற்கென்றே வாங்கிய இன்வெர்ட்டரின் பேட்டரி இரண்டாவது கோடையில் உப்பி உயிரைவிட்டது. வேறு பேட்டரி வாங்குவது 'பரிசீலனை'யில் இருந்தது. இன்வெர்ட்டர் மேல் பூவேலைத் துணி விரித்து ஜாடி வைத்தார்கள். அதன் பிறகுதான் பாக்சிபாபு தமது 'மாற்று மின்திட்டத்தை' உருவாக்கினார்.

திட்டம் எளிமையானது. தொட்டியில் ஒரு மக் தண்ணீர் மொண்டு, முழங்கை காதைத் தொடும் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக அதே தொட்டியில் ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கரண்ட் வரும்வரை விடாமல் ஊற்ற வேண்டும். புகையில்லை, சத்தமில்லை, எரிபொருள் ஒரு கோப்பை தேநீர். சாதனத்தின் பெயர் கேதகி. பாக்சிபாபுவின் மனைவி.

கண்டுபிடித்தவர் சும்மா இருந்துவிடவில்லை. நாற்காலியில் அமர்ந்து விசிறிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ஒசத்தி ஊத்து, தாரை தடிமனா விழுது" என்று 'தொழில்நுட்ப மேற்பார்வை' செய்தார்.

ஒரு குளிர்காலத்தில் கேதகி, பேட்டரியில் ஓடும் உள்ளங்கை அளவு காற்றுப் பம்பு ஒன்றைக் கல்கத்தா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதன் உறுமல் மீன்களின் நரம்புக்கு ஆகாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். படுத்தால் அவளுடைய தோள்பட்டையும் உறுமியது. நல்லவேளை, அது தொட்டிவரை கேட்கவில்லை.

பதினோரு கோடையில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. கேதகியும் ஒரு ஊருக்கும் போகவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. வருஷாவருஷம் தங்கை ஷெஃபாலி புரிக்குப் போகலாம் வா என்று கூப்பிடுவாள். மீன் இருக்கிறதே என்று இவள் சொல்வாள். இந்த வருஷம் ஷெஃபாலி கூப்பிடவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"கடல் எங்கயும் போயிடாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் பாக்சிபாபு.

"மீனும் எங்கயும் போயிடாதுங்களே" என்றாள் கேதகி.

ரயில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்று பிற்பகல்தான் அலங்கார மீன் ரசிகர் சங்கத்தார் ஆறு பேர் வீட்டுக்கு வந்து, பாக்சிபாபுவுக்கு 'பிராணவாயு ரத்னா' பட்டம் சூட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். தனியொருவர் தம் தோள்வலிமையால் இருபத்திரண்டு உயிர்களைக் காத்த வரலாற்றைத் தலைவர் விவரித்துக்கொண்டிருந்தபோது, வெளியே புழுதிக்காற்று கிளம்பியது. ஃபேன் நின்றது. குமிழியும் நின்றது.

செயலாளர் ஹிமாங்ஷு நந்திக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நல்ல சமயம் நிருபம் அண்ணா. திட்டத்தை நேர்லயே பாத்துடுவோம்."

பாக்சிபாபு பெருமையோடு உள்பக்கம் திரும்பிக் குரல்கொடுத்தார். சாதனம் வந்தது, வெளியே போகும் புடவையில், கையில் பையோடு.

"ஏங்க, ஷெஃபாலி வாசல்ல வண்டியோட நிக்கிறா."

"மீனெல்லாம் வாயப் பொளக்கப் போகுது. கரண்ட் வந்ததும் போயேன்."

"ரயிலுக்கு அது தெரியாதே."

"பத்தே நிமிஷம் அண்ணி, நாங்க பாத்துட்டுப் போயிடுறோம்" என்று நந்தி கெஞ்சினார்.

கேதகி மக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "பாத்தா என்ன தெரியும்? ஊத்திப் பாருங்க. முழங்கை காதைத் தொடணும்." பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

கரண்ட் வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. நந்தி ஏழு நிமிஷம் தாக்குப்பிடித்தார். தலைவரின் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்தது. ஒருவருக்கு ரத்த அழுத்தம் நினைவுக்கு வந்தது, இன்னொருவருக்கு வீடு. பாக்சிபாபு வழக்கம்போல் நாற்காலியிலிருந்து முயன்றார். மேற்பார்வையில் மட்டும் குமிழி வரவில்லை. 'மகாராணி' என்ற ஆரஞ்சு மீன் ஒருபக்கமாகச் சாய்ந்ததும் பட்டத்துச் சால்வையோடு எழுந்து தாமே ஊற்றினார். சால்வை நனைந்தது. விருந்தாளிகளுக்கு வைத்த சிங்காரா சமோசா ஆறிப்போயிற்று. விளக்கு எரிந்தபோது ஏழு ஆண்கள் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மகாராணி எப்படியோ நிமிர்ந்துவிட்டது.

அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது: 'கையால் நீர் ஊற்றும் முறை மனிதர்களால் செய்யக்கூடியது அல்ல என்று சங்கம் ஒருமனதாகக் கருதுகிறது.'

மறுநாள் காலையிலேயே பேட்டரிப் பம்பு வந்துவிட்டது. மீன்களின் நரம்புகள் ஒரே நாளில் தேறியிருந்தன.

பாக்சிபாபு புரிக்குப் போன் செய்து, எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

"அலை நல்லாயிருக்குங்க. பாப்போம்" என்றாள் கேதகி.

புதிய பம்பைப் பதிந்த சங்கப் பதிவேட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பழைய சாதனத்தின் நிலை என்ன? பாக்சிபாபு உண்மையை மறைக்கிறவர் அல்லர். வலித்த கையால் நிறுத்தி நிதானமாக எழுதினார்:

'பழுதில்லை. தற்சமயம் கடற்கரையில் உள்ளது. திரும்பியதும் சமையலறையில் பொருத்தப்படும்.'