பிடித்த தலை

பாதுகாப்பு அதிகாரி கிடங்குத் தரையில் மண்டியிட்டு, லோடுமேனின் தலையை இரு கைகளாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் ஏணி கிடந்தது.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: தலையைப் பிடித்தவர், ஆம்புலன்ஸ்காரர்கள் வாங்கிக்கொள்ளும்வரை விடக் கூடாது. கழுத்து பிசகினால் ஆள் பிறகு நடக்கமாட்டான்.

லோடுமேன் வாயைத் திறந்தார்.

"பேசாதப்பா. தலை அசையும்."

லோடுமேன் வாயை மூடிக்கொண்டார். அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை.

"பயப்படாத. மூளை ஓட்டுக்குள்ள தண்ணியில மிதக்குது. சுத்தி மூணு உறை இருக்கு. தண்டுவடத்துக்கும் எலும்புதான் காவல். அந்த எலும்பு நகர்ந்தா மட்டும்தான் கஷ்டம்."

அதுவரை சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்த லோடுமேன் மூச்சை அடக்கினார்.

ஆம்புலன்ஸ் பின்வாசலுக்கு வந்துவிட்டது. வாசல் பூட்டியிருந்தது. சாவி அதிகாரியின் கால்சட்டைப் பையில். எடுத்துக்கொள்ளச் சொன்னார். பில் போடும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டு எடுத்தாள். அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவசரத்தில் திருகியதில் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது.

முன்வாசலை மறித்து லாரி நின்றது. டிரைவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தாள். அவர் எச்சில் கையோடு பின்னால் எடுத்தார். லாரி தூணில் இடித்து, குறுக்கே மாட்டிக்கொண்டது.

"முன்பக்கமும் போச்சு சார்," என்றாள்.

அதிகாரியின் மூக்கு அரித்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவியது. விரல்கள் மரத்துப்போயின. விடவில்லை. இந்த மனிதனை எத்தனை முறை எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தார். இவன் இனி எழுந்து நடப்பானா? கண்ணீர் ஒரு சொட்டு லோடுமேனின் நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்கவும் கை இல்லை.

கடைசியில் ஜன்னல் கம்பியை அறுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ்காரர்கள் இறங்கினார்கள். ஒருவர் பட்டையைக் கழுத்தில் மாட்டித் தலையை வாங்கிக்கொண்டார். அதிகாரியால் விரல்களை மடக்க முடியவில்லை. எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

ஆம்புலன்ஸ்காரர் குனிந்து, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீர்கள் என்று கேட்டார்.

லோடுமேன் அதிகாரியின் முதுகைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"விழவே இல்லைங்க. சும்மா படுத்துக் கண்ணசந்தேன். முழிச்சா சார் என் தலையைப் பிடிச்சிட்டு இருக்காரு. எங்கம்மாவுக்கு அப்புறம் யாரும் அப்படிப் பிடிச்சதில்லை. விடச் சொல்ல மனசு வரல."